ஜனவரி 26: ஒரு தேதி, பல ஆண்டுகள்

நாட்காட்டியில் சிவப்பு எண்ணாக அச்சிடப்படும் நாள்களுள் ஜனவரி 26 ஒன்று. அஃது என்ன நாள் என்று கேட்டால், முதல் வகுப்பு மாணவரும் குடியரசு நாள் என்று விடை கூறிவிடுவார். குடியரசு நாளை அன்று கொண்டாடுவது ஏன் என்று கேட்டால், இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது என்று உயர்வகுப்பு மாணவர் கூறுவார். அவ்விடை சரியே. ஆயினும் அதற்குப் பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. உங்கள் பாடநூல்களின் முன்பக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும் அரசியலமைப்பு முகப்புரையை எடுத்து, அதன் இறுதி வரிகளைப் படித்துப் பாருங்கள். அங்கே காணப்படும் தேதி ஜனவரி 26 அன்று. 1949 நவம்பர் 26. அரசியல் நிருணய சபை அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட நாள் அதுவே. எழுதி, விவாதித்து, திருத்தி, ஏற்றுக்கொண்ட பின்னரும் அந்த மாபெரும் சட்டம் 61 நாள்கள் காத்திருந்தது. அது ஏன்?

இவ்வினாவுக்கு விடை காண நாம் 1930-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அப்படிச் செல்லும்போது, ஒரே தேதியில் நிகழ்ந்த வேறு பல நிகழ்ச்சிகளும் வழியில் எதிர்ப்படுகின்றன. நாளிதழ்களில் ‘வரலாற்றில் இன்று’ என்னும் தலைப்பில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தருவர். அத்தகைய பட்டியல் நூலில் கோக்கப்படாத மணிகளைப் போன்றது. எந்த நிகழ்ச்சி அந்நாளில் தற்செயலாக நேர்ந்தது, எது அந்நாளுக்கென்றே குறித்து வைக்கப்பட்டது என்பதைப் பட்டியல் சொல்லாது. அந்த வேறுபாட்டை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

ராவி நதிக்கரையில்

1929 டிசம்பர் மாதத்தில் இந்திய தேசியக் காங்கிரசின் மாநாடு லாகூரில் கூடியது. தலைமை ஏற்றவர் ஜவகர்லால் நேரு. அப்போது அவருக்கு வயது 40. அதுவரை காங்கிரஸ் கேட்டு வந்தது, பிரித்தானியப் பேரரசுக்கு உட்பட்ட குடியேற்ற நாட்டுத் தகுதியே. லாகூரில் அக்கோரிக்கை கைவிடப்பட்டு, முழு விடுதலையே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 31 நள்ளிரவில், ராவி நதிக்கரையில் நேரு மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்நதிக்கரையும் லாகூர் நகரமும் இன்று பாகிஸ்தானில் உள்ளன என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

மாநாட்டில் கூடியிருந்தோர் மட்டும் தீர்மானம் நிறைவேற்றினால் போதாது. நாடெங்கும் மக்கள் அதனைத் தம் வாயால் உறுதிமொழியாகக் கூற வேண்டும் என்று தலைவர்கள் கருதினர். அதற்கென ஒரு நாளைக் குறித்தனர். அந்நாள்தான் 1930 ஜனவரி 26. அத்தேதியில் தனிச்சிறப்பு ஏதேனும் இருந்ததா? அது ஜனவரித் திங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எந்தப் போர் வெற்றியின் நினைவும் அதில் இல்லை. எந்தத் தலைவரின் பிறந்தநாளும் கருதப்படவில்லை. மக்கள் கூடுவதற்கு வசதியான ஒரு விடுமுறை நாள், அவ்வளவே. பிற்காலத்தில் பெருஞ்சிறப்பு எய்திய ஒரு தேதி இத்துணை எளிய முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

உறுதிமொழியைப் பெரும்பாலும் காந்தியடிகளே வரைந்தார். அந்நியர் ஆட்சி நாட்டைப் பொருளாதாரத்திலும் அரசியலிலும் பண்பாட்டிலும் ஆன்மிகத்திலும் சீரழித்துவிட்டது என்று அது எடுத்துரைத்தது. வெறும் உணர்ச்சி மொழியாக அமையாமல் கணக்கும் காட்டியது. ஓர் இந்தியரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு ஏழு பைசா. செலுத்தும் வரியில் நூற்றுக்கு 20 பங்கு உழவர் தரும் நிலவரி. 3 பங்கு ஏழைகளை மிகுதியாக வருத்தும் உப்பு வரி என்பன அதில் இடம்பெற்ற செய்திகள். அந்த ‘3 பங்கு’ என்னும் சிறு கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வுறுதிமொழி படிக்கப்பட்ட 45-ஆம் நாள், அதாவது மார்ச் 12 அன்று, காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக்குப் புறப்பட்டார். ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்புப் பயணம் தொடங்கியது.

முதல் விடுதலை நாளன்று ஆரவாரமான சொற்பொழிவுகள் தேவையில்லை என்பது காந்தியடிகளின் விருப்பம். நூற்றல், தீண்டாமை ஒழிப்புப் பணி, இந்து முஸ்லிம் ஒற்றுமை, மதுவிலக்கு போன்ற ஆக்கப் பணிகளில் அந்நாளைக் கழிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். ஊர்தோறும் மக்கள் திரண்டு, கொடியேற்றி, அமைதியாக உறுதிமொழி கூறிக் கலைந்தனர்.

சிறைக்கதவு திறந்த நாள்

அடுத்த ஆண்டு அதே தேதி வந்தபோது, நாட்டின் நிலை மாறியிருந்தது. உப்புச் சட்டத்தை மீறியதன் பின்னர் 1930 மே மாதத்தில் கைது செய்யப்பட்ட காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார். பல்லாயிரவர் சிறைப்பட்டிருந்தனர். இந்நிலையில் 1931 ஜனவரி 26 அன்று அரசு அவரை நிபந்தனை ஏதுமின்றி விடுவித்தது. பிற காங்கிரஸ் செயற்குழு உறுப்பினர்களும் விடுதலை பெற்றனர். அவர் அலகாபாத்துக்குச் சென்று, நோயுற்றிருந்த மோதிலால் நேருவைக் கண்டார். பிப்ரவரி 6 அன்று மோதிலால் காலமானார். மார்ச் 5 அன்று காந்தி இர்வின் உடன்படிக்கை கையெழுத்தானது.

இவ்வாறு 1930 முதல் 1947 வரை, ஜனவரி 26 என்பதே இந்தியரின் ‘விடுதலை நாள்’. அந்நாளில் கொடியேற்றினால் தடியடியும் சிறையும் கிடைக்கக்கூடும் என்று அறிந்தே மக்கள் கொடியேற்றினர்.

ஆனால் உண்மையான விடுதலை வந்தபோது அது ஜனவரி 26-இல் வரவில்லை. 1948 ஜூன் மாதத்துக்குள் ஆட்சியைக் கைமாற்றுவதாக முதலில் அறிவித்திருந்த பிரித்தானிய அரசு, பின்னர் அதனை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1947 ஆகஸ்டு 15 என்னும் தேதியைத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அவருக்கு அது நினைவில் நின்ற நாள். ஆக, நம் விடுதலை நாள் ஆட்சியை விட்டுச் செல்பவர் தேர்ந்த தேதி. நாமே தேர்ந்து, 17 ஆண்டுகள் போற்றி வந்த தேதியோ திடீரென்று வேலையற்றுப் போயிற்று.

காத்திருந்த சட்டம்

அரசியல் நிருணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடியது. 1947 ஆகஸ்டு 29 அன்று டாக்டர் அம்பேத்கரின் தலைமையில் வரைவுக்குழு அமைந்தது. அக்குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார் ஆகியோரும், பின்னர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் பணியாற்றினர். ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பின் பின், 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது.

அதன் 394-ஆம் உறுப்பு சிறியது. தேர்வில் யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் வினாவுக்குரிய விடை அங்கேதான் இருக்கிறது. குடியுரிமை, தேர்தல், இடைக்காலப் பாராளுமன்றம் முதலியவை பற்றிய சில உறுப்புகள் மட்டும் உடனே செயற்படும் என்றும், எஞ்சியவை 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வரும் என்றும், அந்நாளே அரசியலமைப்பின் ‘தொடக்கம்’ எனப்படும் என்றும் அது கூறுகிறது. புதிய அரசை நிறுவுவதற்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன என்பதும் உண்மை. எனினும் அவ்வாரங்கள் எந்த நாளில் முடியவேண்டும் என்பதை முடிவு செய்தது ராவி நதிக்கரையின் நினைவே. வேலையற்றுப் போயிருந்த தேதிக்கு இவ்வாறு புதிய வேலை கிடைத்தது. முன்பு விடுதலையைக் கோரிய நாள், இப்போது குடியரசு பிறக்கும் நாளாயிற்று. நவம்பர் 26-ஐ 2015 முதல் அரசியலமைப்பு நாளாகக் கொண்டாடி வருகிறோம்.

அந்த வியாழக்கிழமை

1950 ஜனவரி 26 வியாழக்கிழமை. தில்லியில் அரசினர் மாளிகையின் தர்பார் மண்டபத்தில் தலைவர்கள் கூடியிருந்தனர். காலை 10 மணி 18 நிமிடத்துக்கு இந்தியா இறையாண்மை கொண்ட மக்களாட்சிக் குடியரசாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைப் படித்தவர் அன்றைய தலைமை ஆளுநர் இராஜாஜி. தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த அவரே, அப்பதவியை வகித்த ஒரே இந்தியர். அவர் படித்த அந்த அறிவிப்போடு தலைமை ஆளுநர் என்னும் பதவியே இல்லாமற்போயிற்று. தம் பதவியைத் தாமே படித்து முடித்துவைக்கும் வாய்ப்பு வரலாற்றில் பலருக்கு வாய்ப்பதில்லை. ஆறு நிமிடங்கள் கழித்து, 10 மணி 24 நிமிடத்துக்கு, தலைமை நீதிபதி ஹரிலால் கானியா முன்னிலையில் இராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 31 பீரங்கிக் குண்டுகள் முழங்கின.

பிற்பகலில் குடியரசுத் தலைவர் குதிரைகள் பூட்டிய வண்டியில் இர்வின் விளையாட்டரங்குக்குச் சென்று அணிவகுப்பைப் பார்வையிட்டார். இன்றைய மேஜர் தியான்சந்த் தேசிய விளையாட்டரங்கமே அது. சிறப்பு விருந்தினர் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ. டச்சுக்காரரிடமிருந்து இந்தோனேசியா முழு ஆட்சியுரிமை பெற்று அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது. நீங்கள் தொலைக்காட்சியில் காணும் நெடுஞ்சாலை அணிவகுப்பு 1955 முதல்தான் ராஜபாதையில் நிலைபெற்றது. கடமைப் பாதை என்னும் பொருள்தரும் ‘கர்த்தவ்ய பத்’ என 2022-இல் அச்சாலை பெயர் மாற்றம் பெற்றது.

சாரநாத் அசோகத் தூணின் சிங்கமுகத் தலைப்பகுதி நாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்டதும் 1950 ஜனவரி 26 அன்றுதான். கூட்டாட்சி நீதிமன்றத்தின் இடத்தில் உச்ச நீதிமன்றம் உருவானதும் அன்றே. அதன் தொடக்க விழா மட்டும் இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று நடந்தது. இவையெல்லாம் தற்செயல் அல்ல. ஒரே விளக்கிலிருந்து ஏற்றிய விளக்குகள்.

அன்றே ஓடத் தொடங்கிய கடிகாரம் ஒன்றும் உண்டு. தேவநாகரி எழுத்திலான இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றும், அரசியலமைப்பின் தொடக்கத்திலிருந்து 15 ஆண்டுகள் வரை ஆங்கிலமும் தொடர்ந்து வழங்கும் என்றும் 343-ஆம் உறுப்பு கூறியது. ‘தொடக்கம்’ என்பதற்கு 394-ஆம் உறுப்பு தந்த பொருளை இங்கே பொருத்திப் பாருங்கள். 15 ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26 அன்று வந்து நின்றது. அதன் பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் என 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கூறியிருந்தது. ‘தொடரலாம்’ என்பது உறுதிமொழி ஆகாது. ‘தொடரும்’ என்று இருத்தல் வேண்டும் என்பது சென்னை மாநிலத்தில் எழுந்த வாதம். ஒரு வினைமுற்றின் ஈற்றில் எத்துணை பெரிய செய்தி அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு, இலக்கண வகுப்பில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அவ்வாண்டுக் குடியரசு நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க அண்ணாதுரை அழைப்பு விடுத்தார். முதல் நாளே மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் மூண்டது. தொடர்ந்த வாரங்களில் மாநிலமெங்கும் போராட்டம் பரவியது. தீக்குளித்தும் துப்பாக்கிச்சூட்டிலும் பலர் உயிரிழந்தனர். 1967-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தத்தால் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்வதற்கு உறுதி கிடைத்தது. தமிழகத்துக்கு வெளியே வளரும் உங்களில் பலர் இச்செய்தியை இப்பாடத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமான விடை கிடைக்கும்.

கடல் கடந்த அதே தேதி

இனி, நம் நாட்டோடு தொடர்பற்ற, முற்றிலும் தற்செயலான ஒரு பொருத்தத்தைக் காண்போம். 1787 மே மாதத்தில் இங்கிலாந்திலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தனர். ஆர்தர் பிலிப் தலைமையில் வந்த அக்கப்பல்கள் முதலில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவை அடைந்தன. அங்கே நல்ல குடிநீரும் கப்பல்களுக்குக் காப்பான துறையும் இல்லாமையால் வடக்கே நகர்ந்து, 1788 ஜனவரி 26 அன்று சிட்னித் துறையில் பிரித்தானியக் கொடியை ஏற்றினர். அந்நாளே இன்று ‘ஆஸ்திரேலிய நாள்’.

ஆனால் அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்த பழங்குடியினருக்கு அக்கொடி எதைக் குறித்தது? 1938-இல், 150-ஆம் ஆண்டு விழாவில், கப்பல்கள் வந்து இறங்கிய காட்சியை நடித்துக் காட்டினர். பழங்குடியினர் சிலரைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து அதில் நடிக்கச் செய்தனர். அதே நாளில், அதே நகரில், வில்லியம் கூப்பர், ஜாக் பேட்டன் முதலான பழங்குடித் தலைவர்கள் ‘துக்க நாள்’ கூட்டம் நடத்தி, குடியுரிமையும் சமத்துவமும் கோரினர். 1972 ஜனவரி 26 அன்று பழங்குடி இளைஞர்கள் சிலர், கான்பெராவில் பாராளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, அதனைத் தம் ‘தூதரகம்’ என அறிவித்தனர். சொந்த நிலத்தில் அந்நியராக்கப்பட்டோம் என்பதை உணர்த்தவே அப்பெயர்.

அதே 1972 ஜனவரி 26 அன்று, புதுதில்லி இந்தியா கேட்டின்கீழ் பிரதமர் இந்திரா காந்தி அமர் ஜவான் ஜோதியைத் தொடங்கிவைத்தார். முந்தைய மாதம் முடிவுற்ற போரில் உயிர்நீத்த வீரர்களுக்கான சுடர் அது. (2022-இல் தேசியப் போர் நினைவகத்துச் சுடரோடு அது இணைக்கப்பட்டது.) இந்தக் குடையும் அந்தச் சுடரும் ஒன்றையொன்று அறியாதவை.

காலை 8 மணி 46 நிமிடம்

2001 ஜனவரி 26 வெள்ளிக்கிழமை. குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்திலும் பிற இடங்களைப் போலவே குழந்தைகள் வெள்ளைச் சீருடை அணிந்து, காகிதக் கொடிகளுடன் காலையிலேயே வெளியே வந்திருந்தனர். அஞ்சார் நகரில் பள்ளி மாணவரின் ஊர்வலம் கடைத்தெருவின் குறுகிய சந்துகளின் வழியே சென்றுகொண்டிருந்தது. 8 மணி 46 நிமிடத்துக்கு நிலம் நடுங்கியது.

பசாவ் நகருக்கு அருகே மையங்கொண்ட அந்நிலநடுக்கத்தின் அளவு 7.7. கட்ச் நிலப்பகுதி இந்தியப் புவித்தட்டின் உட்புறத்தில் அமைந்திருந்தாலும், அதன் அடியில் பழைய பிளவுகள் பல உள்ளன. வடக்கே ஆசியத் தட்டோடு நிகழும் மோதலின் அழுத்தம் அப்பிளவுகளில் சேர்ந்துகொண்டே வருகிறது. 1819-இலும் அங்கே பெருநிலநடுக்கம் நேர்ந்தது. 1956-இல் அஞ்சாரே சேதமுற்றது. 2001-இல் அரசுக் கணக்கின்படி 13,800-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அஞ்சார்ச் சந்தில் இருபுறமும் இருந்த கட்டடங்கள் ஊர்வலத்தின்மீது சரிந்தன. 180-க்கும் மேற்பட்ட மாணவர்களும் அவர்களோடு நடந்த ஆசிரியர்களும் மாண்டனர்.

நிலத்தடிப் பிளவுக்கு நாட்காட்டி தெரியாது. நிலநடுக்கம் அன்று நேர்ந்தது தற்செயலே. ஆனால் அக்குழந்தைகள் அந்நேரத்தில் அச்சந்தில் இருந்தது தற்செயல் அன்று. 1930-இல் ஒரு செயற்குழு ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகக் குறித்த தேதி, 394-ஆம் உறுப்பின் வழியே வந்து, அவர்கள் கையில் கொடியைக் கொடுத்திருந்தது. தேர்ந்தெடுத்த வரலாறும் தேர்ந்தெடுக்காத இயற்கையும் அவ்விடத்தில் மோதிக்கொண்டன.

அதன் பின்னர் மாநிலத்தில் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி ஆணையம் ஏற்பட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் 2005-இல் நாடு முழுமைக்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பள்ளிகளில் நீங்கள் மேசைக்கடியில் குனிந்து செய்யும் பயிற்சி விளையாட்டன்று. அதன் பின்னே அஞ்சார் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் பூஜில் ‘ஸ்மிருதிவன்’ நினைவிடமும், அஞ்சாரில் அக்குழந்தைகளுக்கான நினைவிடமும் திறக்கப்பட்டன.

குஜராத்தில் நான் பணியாற்றிய பள்ளியில், குடியரசு நாளன்று கொடியேற்றம் முடிந்து நாட்டுப்பண் பாடிய பின், 8 மணி 46 நிமிடம் ஆகும்வரை கலைநிகழ்ச்சிகளைத் தொடங்கமாட்டோம். ஒரு நிமிடம் அனைவரும் அமைதியாக நிற்போம். அங்கே நின்ற மாணவருள் ஒருவரும் 2001-இல் பிறந்திருக்கவில்லை. பின்னர் முழவு ஒலிக்கும், நடனம் தொடங்கும், இனிப்பு வழங்கப்படும். மாணவர் அணிவகுப்பு மட்டும் ஒருபோதும் தெருவுக்குச் செல்வதில்லை. சுற்றிலும் கட்டடமில்லாத விளையாட்டுத் திடலிலேயே நடைபெறும்.